ஆணியில் தொங்கும் ரப்பர் குழாய்

எங்கள் கொட்டகையின் மேற்குச் சுவரில், பழைய ஃபேன் பெல்ட்டுகள் மாட்டியிருக்கும் ஆணிகளுக்குக் கீழே தனியாக ஓர் ஆணி உண்டு. அதில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தொங்குகிறது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் இருக்கும். நடுவில் ஒரு வளைவு, வளைவுக்குப் பக்கத்தில் டப்பி மாதிரி ஒரு புடைப்பு. ஓரத்தில் எலி கடித்த பல்தடம் இன்னும் தெரிகிறது. நாயுடுபுரத்துக்கு வண்டி வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள், இது எந்த வண்டி ஓஸ் என்று. விற்கிறதற்கு இல்லை என்பேன். அதற்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. ஆகட்டும். என் விஷயத்தை எழுத இன்னொருத்தர் கையை நான் கேட்க மாட்டேன்.

என் வீட்டுக்காரரை இந்த மலையில் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மலைமேலிருக்கும் போளூரிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வரும் லாரி, ஆடலூர் காபித் தோட்டத்து ஜீப், பள்ளிக்கூட வேன் எல்லாம் அவரிடம்தான் வரும். இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். தங்கமான கை என்பார்கள். அந்தக் கைதான் என்னை அடித்த கை. கொட்டகைக்கும் எங்கள் அடுப்படிக்கும் நடுவே ஒரு பலகைக் கதவு, கொட்டகைக்கும் வீதிக்கும் நடுவே நாலே எட்டு. அடிக்கிற சத்தம் வெளியே கேட்டால் மரியாதை போய்விடும் என்பதால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதலில் எங்கள் ஜீப்பை ஸ்டார்ட் செய்வார். ஆக்ஸிலரேட்டர் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைப்பார். ஜீப் நின்ற இடத்திலேயே அலறும். அப்புறம் பலகைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். வீதியில் போகிறவர்கள், மேஸ்திரி என்னமாய் உழைக்கிறார் என்று பேசிக்கொண்டே போவார்கள்.

ஜீப் அலற ஆரம்பிப்பதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் பத்து எண்ணுகிற நேரம் எனக்குக் கிடைக்கும். அதற்குள் காதுத் தோட்டைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்குள் புதைத்துவிடுவேன். கல்யாணமான மறுவருஷம் வலது காதுத் தோட்டைப் பிடித்து இழுத்ததில் சோணை இரண்டாகக் கிழிந்து ரவிக்கை முழுக்க ரத்தம். தையல் போட்ட நர்ஸம்மா கேட்டபோது, கதவு இடித்துவிட்டது என்றேன். அடுத்த தடவை உதடு. அதற்கும் கதவு என்றேன். மூன்றாம் தடவை விலா எலும்பு. அந்த நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்தக் கதவக் கழட்டி அடுப்புல வைங்கம்மா, குளிருக்காவது ஆகும்" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. என் குடும்பத்தைப் பற்றிப் பேச இவள் யார் என்று நினைத்தேன்.

முப்பது நாற்பது வருஷம் இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. மெக்கானிக்குகள் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார்கள். இஞ்சின் ஓடும்போது அதன் முனையை இரும்பின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் உள்ளே எது தட்டுகிறது, எது தேய்கிறது என்பது தெரியும். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரி. ஒருநாள் அவர் வெகுநேரம் வைத்துக் கேட்டுவிட்டு, சுற்றும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ புள்ள, இதக் காதுல வையி. என்ன கேக்குது?"

"டொக்கு டொக்குன்னு கேக்குதுங்க."

"மேலயா கீழயா?"

"கீழங்க."

அவர் முகம் செத்துப் போனது. அவருக்கு ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து நான்தான் அவருக்குக் காது. ஊருக்குத் தெரியக் கூடாது என்பதால் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற மாதிரி பக்கத்தில் நிற்பேன். மேலே கோளாறு என்றால் அவர் முழங்கையில் ஒரு தட்டு, கீழே என்றால் இரண்டு தட்டு, பெல்ட் என்றால் நகத்தால் ஒரு கீறல். வண்டிக்காரர் பேசும்போது அவர் வாயைப் பார்த்தே பாதியைப் பிடித்துக்கொள்வார். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. மேஸ்திரியின் பேர் அப்புறம்தான் இன்னும் கூடியது. இதை எழுதிக் காட்டுவதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பேரில் பாதி என்னுடையது. இன்னொன்றையும் எழுத வேண்டும். அதற்குப் பிறகு அவர் அடிக்கும்போது என் காதுகளை மட்டும் விட்டுவிடுவார். முதுகு, இடுப்பு, கை எல்லாம் வழக்கம் போல. கன்னத்துக்கு வருகிற கை பாதியில் திரும்பித் தோளில் விழும். அதை மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

எனக்கு அறுபது தாண்டியிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த மஞ்சள் கார் வந்தது. சந்தை நாள். வீதி நிறைய கூடைகளும் ஆட்களும். மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது. தரையோடு தரையாகத் தவழ்கிற கார், இரண்டே பேர்தான் உட்காரலாம். ஓட்டி வந்தவன் ஏரிக்கு மேலே பங்களா வைத்திருக்கும் வெளியூர்க்காரன், முப்பது வயதிருக்கும். பக்கத்து சீட்டில் அவன் மனைவி. குனிந்த தலை நிமிரவில்லை.

"சவுண்டு வரல மேஸ்திரி" என்றான்.

இவருக்கு அது சரியாக எட்டவில்லை. வண்டி கொண்டு வருகிறவன் வேறு என்ன சொல்லப் போகிறான் என்று, "சத்தத்த எடுத்துருவோம் சார், பூனை மாதிரிப் போகும்" என்றார். எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நின்ற பாய் சிரித்துவிட்டார். "அண்ணே, அவரு சத்தம் வேணுங்கிறாரு. உலகத்துல மொத ஆளு" என்றார்.

அவன் இறங்கி வந்து விளக்கினான். இந்த மாதிரி வண்டிகளில் கதவு கண்ணாடி எல்லாம் கெட்டியாக மூடிக்கொள்வதால் உள்ளே இஞ்சின் சத்தம் வராதாம். வெளியே இருப்பவன் கேட்டு என்ன பிரயோசனம், ஓட்டுகிறவனுக்கு அல்லவா கேட்க வேண்டும்? அதற்காகவே கம்பெனிக்காரன் ஒரு குழாய் வைத்திருக்கிறானாம். இஞ்சின் காற்றை உறிஞ்சுகிற பெரிய குழாயிலிருந்து இது கிளை பிரிந்து, இஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவிலிருக்கும் தகரச் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. நடுவில் உள்ள டப்பியில் மேளத்துக்குத் தோல் கட்டுகிற மாதிரி மெல்லிய ரப்பர் சவ்வு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்று உறுமும், சவ்வு அதிரும், அந்த உறுமல் ஓட்டுகிறவன் முகத்துக்கு நேரே போய் இறங்கும். நான் நாற்பது வருஷம் சத்தத்தில் குடித்தனம் செய்தவள். சத்தத்தை விலை கொடுத்து உள்ளே அழைத்துக்கொள்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. பங்களாவில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருந்தது. குழாயின் ஓரத்தைக் கடித்து, டப்பிக்குள் இருந்த சவ்வையும் கிழித்துவிட்டது. இவர் இஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றி, கிழிந்த சவ்வை எடுத்துக்கொண்டு, அதே அளவுக்கு டியூப் ரப்பரில் ஒன்று வெட்டி வரக் கொட்டகையின் பின்பக்கம் போனார். தூறல் வலுத்ததால் அவன் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். நான் பானெட்டுக்கு அடியில், குழாயின் திறந்த வாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் எதைக் கொடுத்தாலும் காதில் வைக்கிற பழக்கம் எனக்கு. வைத்தேன்.

இஞ்சின் சத்தத்தை உள்ளே கொண்டுபோகிற குழாய், உள்ளே பேசுவதை வெளியே கொண்டுவராதா? இதை அந்தக் கம்பெனிக்காரன் யோசித்திருக்க மாட்டான்.

"சீட் பெல்ட்ட மாட்டாதன்னு சொன்னேன்ல?"

"எங்கம்மா வீட்டுல விட்டுருங்க. பழனியிலேயே இருந்துக்கிறேன். யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்."

"இறக்கித்தானே விடணும்? பெருமாள்மலை தாண்டுனதும் ஒரு வளைவுல கதவத் திறந்து தள்ளிட்டுப் போயிருவேன். பெல்ட் போடாம அவளா விழுந்துட்டான்னா எவன் கேக்கப் போறான்?"

பிறகு ஓர் அறை. குழாய்க்குள் அது என் காதுக்குள்ளேயே விழுந்த மாதிரி கேட்டது. அந்தப் பெண் கத்தவில்லை. மூச்சைப் பிடித்து, உதட்டை உள்ளே மடித்து, மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அது என் மூச்சு.

"மூணு நாளா சவுண்டு இல்லாம உன் ஊளையக் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்ட வேண்டிக்கெடக்கு. கெழவன் சரி பண்ணட்டும். அப்புறம் நீ எப்படி வேணா கத்து, எனக்குக் கேக்காது."

என் வீட்டுக்காரர் ஊருக்குக் கேட்கக் கூடாது என்று இஞ்சினை அலற விட்டார். இவன் தனக்கே கேட்கக் கூடாது என்று அலற விடுகிறான். சவ்வை மாட்டி, குழாயைப் பூட்டி, பானெட்டை மூடினால் கால் மணி நேரத்தில் வண்டி இறங்கிவிடும். மலைப்பாதையில் அந்தப் பெண் பிணமாகக் கிடப்பாள். அவள் கதறுவது கேட்காமல் இருக்கிறதற்கு வேண்டிய வேலையை நாங்களே செய்து கொடுத்திருப்போம்.

இவர் வெட்டிய ரப்பரோடு வந்து, முழங்கையை என் பக்கம் நீட்டினார். என்ன கேட்டாய், தட்டு என்று அர்த்தம். இதற்கு எங்களிடம் தட்டு இல்லை. மேலே ஒன்று, கீழே இரண்டு, பெல்ட்டுக்குக் கீறல். ஒரு பெண்ணைக் கொல்லப் போகிறான் என்பதற்கு எத்தனை தட்டுவது? மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். என் வாயைப் பார்த்தும் விளங்கவில்லை. காருக்குள் அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் இவர் தலையைப் பிடித்து, காதில் வாயை வைத்து, சந்தை வீதி முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"இந்தாளு அந்தப் பொண்ணக் கொல்லப் போறான்! பெருமாள்மலைக்கு அங்கிட்டு வண்டியிலருந்து தள்ளப் போறேங்கிறான்! என் காதால கேட்டேன்!"

கூடைக்காரிகள் நின்றார்கள். பாய் கடையை விட்டு இறங்கி வந்தார். "என்னக்கா, மேஸ்திரிக்குக் காது..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்தப் பாதியே போதுமாயிருந்தது. பத்து வருஷமாக நாங்கள் மூடி வைத்திருந்தது வீதியில் கொட்டிவிட்டது. இவர் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொலை என்று நான் சொன்னது அவருக்கு எட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊர் முன்னால் தன்னைச் செவிடனாக்கிவிட்டேன் என்பது எட்டிவிட்டது. கையை ஓங்கி என் இடது காதோடு சேர்த்து ஒரே அறை. இந்தத் தடவை கை பாதியில் திரும்பவில்லை. பானெட்டின் விளிம்பில் என் நெற்றி மோதி ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மஞ்சள் காரில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடிக்கு நேரேதான் விழுந்தேன்.

அப்போதுதான் காரின் இடது கதவு திறந்தது. அந்தப் பெண் செருப்பில்லாமல் இறங்கி, என்னைத் தாண்டி, கொட்டகைக்குள் ஓடி, பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவன் அவள் பின்னாலேயே ஓடினான். கதவை உதைத்தான். "வெளிய வாடி" என்று உதைத்தான். பலகை பிளந்தது. பிளவுக்குள் கையை விட்டு உள்ளே தாழ்ப்பாளைத் தேடினான். வீதியில் இருபது பேர் நின்றார்கள். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று நின்றார்கள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? ஜீப்பில் ஏறி ஸ்டார்ட் செய்து செங்கல்லைத் தூக்கி வைத்தார். கை தன் பழக்கத்துக்கு அதைச் செய்தது. ஊரே வாசலில் நின்று பார்க்கிறபோது யாருக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்தாரோ. ஜீப் அலறியது. எனக்கு அந்த அலறல் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்டது. இடது பக்கம் பஞ்சடைத்த மாதிரி ஒன்றுமே இல்லை.

எழுந்தேன். குழாயின் அடுத்த முனையைத் தகரச் சுவரிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அது அவன் கைக்குத் திரும்பப் போகக் கூடாது, அவ்வளவுதான். கீழே கிடந்த நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பத்து வருஷம் நான் காதில் வைத்துக் கேட்ட அதே ஸ்க்ரூ டிரைவர். அவன் தாழ்ப்பாளை விட்டுக் கையை வெளியே எடுத்து, பலகையைப் பிய்த்து எறிய விரித்து ஊன்றியிருந்தான். இரண்டு கையாலும் ஓங்கி அந்தப் புறங்கையில் இறக்கினேன். கையைத் துளைத்துப் பலகையில் போய் நின்றது. அவன் வாய் கிழியக் கத்தினான். கத்தினது தெரிந்தது, தொண்டை நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. ஆனால் யாருக்கும் கேட்கவில்லை. ஜீப் அலறிக்கொண்டிருந்தது.

பாய்தான் ஓடி வந்து செங்கல்லைத் தள்ளி ஜீப்பை நிறுத்தினார். அதற்குள் அவர் சம்சாரம் அடுப்படியின் பின்வாசல் வழியாகப் போய், தன் கறுப்பு அங்கியைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குப் போட்டு, தலையோடு போர்த்தி, கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டுத் திரும்பவில்லை, கூடவே போய்த் தாய்வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் மறுநாள் வந்தார். பழனி வந்ததும் அந்தப் பெண் ஒன்றே ஒன்று சொன்னாளாம்.

"வயசானா அடிக்கிறது நின்னுரும், பொறுத்துக்கன்னு எங்கம்மா சொன்னாங்க. அந்தம்மா தலை நரைச்சு அடி வாங்குறதக் கண்ணாடி வழியாப் பாத்தேங்க. அதான் இறங்கிட்டேன்."

அவனை யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கிழவி குத்திவிட்டாள் என்று போலீசில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. எப்படி ஆனது என்று கேட்டதற்கு, கதவு இடித்துவிட்டது என்றானாம். இதைப் பாய் வந்து சொன்னபோது, தலையில் கட்டோடு உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். பத்து நாள் கழித்து வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஆள் வந்தது. "இங்க ஒரு ஓஸ் இருந்துச்சே, எங்கம்மா?" என்றான். எலி தூக்கிட்டுப் போயிருச்சு என்றேன்.

என் வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். திருந்தவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு லாரி வந்தபோது, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியை என் இடது காதில் வைத்து, என்ன கேக்குது என்றார். ஒண்ணும் கேக்கலைங்க என்று வாயசைத்தேன். நான் பொய் சொல்கிறேன் என்று அழுத்தினார். இன்னும் அழுத்தினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார். அவருடைய காதை அவரே உடைத்திருந்தார். எனக்கு வலது காது நன்றாகவே கேட்டது. அதை நான் கொடுக்கவில்லை. வேலை பாதியாகக் குறைந்தது. அதற்கும் கோபப்பட்டு ஒருநாள் ஜீப்பை ஸ்டார்ட் செய்தார். அன்று நான் தோட்டைக் கழற்றவில்லை. பிளந்த கதவைத் திறந்து, தோட்டோடும் ஸ்க்ரூ டிரைவரோடும் போய் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன். செங்கல் அவர் கையில் இருந்தது. வெகுநேரம் இருந்தது. பிறகு கீழே வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். ஒரே வீட்டில், ஒரே கஞ்சியைக் குடித்துக்கொண்டு. செத்தபோது நான் அழவில்லை. ஒரு மாதம் கழித்து யாரோ ஒரு வண்டி கீழே டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே போனது. என் கை தன்னால் அவர் முழங்கையைத் தேடியது. அன்றைக்கு அழுதேன். இரண்டையும் எழுதிவிட வேண்டும்.

இப்போது கொட்டகையை ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன், ஆனால் வாசலில் நான்தான் உட்காருகிறேன். போன மாதம் வந்த ஒருவர், இப்போதெல்லாம் குழாய் இல்லை, ஸ்பீக்கரிலேயே இஞ்சின் சத்தம் போட்டுக்கொள்ளலாம், பேட்டரி காருக்குக்கூட உறுமல் உண்டு என்றார். இல்லாத இஞ்சினுக்கு உறுமலா என்று மெக்கானிக் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தால் உள்ளே இருப்பவள் பேசுவது வெளியே வராது.

அதனால்தான் என் கொட்டகையில் ஒரு சட்டம். வண்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கொண்டு வந்தவர் யாராக இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் இஞ்சினை அணைக்க வேண்டும். வேலை இல்லாமல் ஓர் இஞ்சினும் இங்கே ஓடாது. அணைத்த பிறகு யாரும் ஒரு நிமிஷம் பேசவும் கூடாது. கிழவிக்குக் கிறுக்கு என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். மேற்குச் சுவரில் அந்தக் குழாய் இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு தொங்கும். நான் எழுந்து போய், தையல் போட்ட சோணையில் தோடு கிடக்கிற வலது காதை, மூடியிருக்கும் கார்க் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன்.